தட்டில் தங்கிய ஓசை

நுழையும்முன்

பழங்காலத்தின் ஓவியமும் சிற்பமும் இன்றைய கண்ணுக்குக் கிடைக்கின்றன. அக்காலத்தின் பாட்டு இன்றைய காதுக்குக் கிடைப்பதில்லை. ஓசையைப் பிடித்துவைக்கும் கருவி பிறந்து ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளே ஆகின்றன. அதற்கு முன் ஒலித்தவை யாவும் காற்றோடு கலந்துவிட்டன. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் பிறந்த மரபு ஜாஸ் இசையின் பழைய பதிவுகளைத் தேடிக் கேட்பவர், இசையின் இன்பத்தை மட்டுமன்றி அதன் இழப்பையும் உணர்கிறார். அந்தத் தேடலைச் செங்கத்தின் மலையடிவாரத்திலிருந்து தொடங்குகிறது இக்கட்டுரை.

நன்னன் ஊருக்கு வந்த இசைக்குழு

ஜவ்வாது மலைத்தொடரின் அடிவாரத்தில், செய்யாற்றின் கரையில் அமைந்த ஊர் செங்கம். சங்க காலத்தில் செங்கண்மா என வழங்கிய இவ்வூர், நன்னன் சேய் நன்னன் என்னும் குறுநில மன்னனின் தலைநகராக விளங்கியது. அவனை நாடிச் செல்லும் கூத்தர் குழுவினருக்கு வழிகாட்டும் நூலே பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம். பெருங்கௌசிகனார் பாடிய இந்நூல் 583 அடிகளைக் கொண்டது.

நூலின் தொடக்கத்திலேயே கூத்தர்களின் இசைக்கருவிகள் வரிசையாக வருகின்றன. முழவு, ஆகுளி, பாண்டில், கோடு, தூம்பு, குறுந்தூம்பு, குழல், தட்டை, எல்லரி, பதலை என அவற்றைப் புலவர் ஒவ்வொன்றாகச் சுட்டுகிறார். தூம்பின் ஒலியைக் களிற்றின் பெருமூச்சுக்கு ஒப்பிடுகிறார். கருவிகள் நிறைந்த பைகளைச் சுமந்து அவர்கள் நடக்கும் காட்சி, கொத்துக் கொத்தாய்க் காய்த்த பலாமரத்தை நினைவூட்டுகிறது என்கிறார்.

அத்தோடு அவர் நிற்கவில்லை. நன்னனின் மலையில் கேட்கும் ஓசைகளையும் தொகுத்துத் தருகிறார். அருவியில் ஆடுவோரின் ஆரவாரம், தினை குற்றும் மகளிரின் வள்ளைப்பாட்டு, கரும்பாலையின் இரைச்சல், புலி தாக்கிய கணவனின் புண் ஆறுவதற்காகக் குறமகள் பாடும் பாட்டு என அப்பட்டியல் நீள்கிறது. மலையை யானையாகவும் அதில் எழும் ஓசையை அதன் மதமாகவும் கொண்டே நூலுக்கு இப்பெயர் அமைந்தது. ஒரு மலையின் ஒலிகளைச் சொற்களால் பதிந்து வைத்த முயற்சி என இதனைக் கருதலாம்.

ஆனால் சொல்லால் ஓசையை முழுமையாகக் காக்க இயலாது. தூம்பு களிறு போல உயிர்த்தது என்பது தெரிகிறது. அந்த உயிர்ப்பின் சுருதி தெரியவில்லை. எல்லரி ஒலித்தது என்பது தெரிகிறது. அதன் தாளக்கட்டு தெரியவில்லை. செங்கண்மாவுக்கு வந்த இசைக்குழுவின் கருவிப்பெயர்கள் அனைத்தும் இன்று கையில் உள்ளன. அவர்கள் வாசித்த இசையில் ஒரு நொடியேனும் மிஞ்சவில்லை.

பதிவாகாத கார்னெட்

ஈராயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய இசை மறைந்தது இயல்பே. ஆனால் ஒலிப்பதிவுக் கருவி உலகில் உலவத் தொடங்கிய பின்னரும் இவ்வாறே ஓர் இசை நழுவிப் போனதுண்டு.

மிசிசிப்பி ஆற்றங்கரையில் அமைந்த நியூ ஆர்லியன்ஸ் ஒரு துறைமுக நகரம். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் காங்கோ சதுக்கம் என்னும் வெளியில் கூடி முழவொலித்து ஆடினர். அந்தத் தாளமும், தேவாலயப் பாடல்களும், படைவீரர்களின் பித்தளைக் குழலிசையும், உழைப்பாளர்களின் துயரப் பாட்டான ப்ளூஸும் அந்நகரின் தெருக்களில் ஒன்றுகலந்தன. அக்கலப்பிலிருந்து 1900ஆம் ஆண்டையொட்டி எழுந்ததே ஜாஸ் இசை.

அதன் முன்னோடிகளில் பெரும்புகழ் பெற்றவர் பட்டி போல்டன். 1877இல் பிறந்த அவர் கார்னெட் என்னும் சிறிய ஊதுகருவியை வாசித்தார். அதன் முழக்கம் நெடுந்தொலைவு கேட்கும் என்று அவரைக் கேட்டோர் பின்னாளில் நினைவுகூர்ந்தனர். 1907இல் மனநோய் விடுதியில் சேர்க்கப்பட்ட போல்டன், 1931இல் அங்கேயே மறைந்தார். அவர் வாசித்த இசையின் பதிவு ஒன்றுகூட இன்று கிடைக்கவில்லை. நன்னனின் கூத்தரைப் போலவே அவரும் பிறர் சொல்லால் மட்டுமே வாழ்கிறார்.

அந்த மரபில் ஒரு குழுவின் முன்வரிசையில் மூன்று ஊதுகருவிகள் நிற்கும். கார்னெட் பாட்டின் மெட்டைச் சுமந்து செல்லும். கிளாரினெட் அதன் மேலே கொடியைப் போல் சுற்றிப் படரும். இழுத்து நீட்டும் குழாயை உடைய டிராம்போன், கீழிருந்து யானைபோல் பிளிறித் தாங்கும். பியானோ, பான்ஜோ, டியூபா, முரசு ஆகியவை பின்னின்று தாளம் காக்கும். மூன்று ஊதுகருவிகளும் ஒரே நேரத்தில் தத்தம் கற்பனைக்கு ஏற்ப வாசிக்கும். ஆயினும் ஒன்றையொன்று மிதிப்பதில்லை. கருநாடக இசையில் மனோதர்மம் என்று சொல்லப்படுவதை மூவர் ஒருசேர நிகழ்த்துவதாக எண்ணினால் இதன் அருமை விளங்கும்.

சாவு ஊர்வலத்திலும் இவ்விசைக்கு இடமுண்டு. இடுகாடு செல்லும்வரை குழுவினர் மெதுவான துதிப்பாடல்களை வாசிப்பர். அடக்கம் முடிந்து திரும்புகையில் இசை துள்ளலாக மாறும். தெருமக்கள் பின்தொடர்ந்து ஆடுவர். இறந்தவரைப் பறையும் கொட்டும் ஆட்டமுமாக வழியனுப்பும் தமிழ்நாட்டு ஊர்களுக்கு இது புதிய செய்தி அன்று.

இவ்விசைக்கு டிக்ஸிலாந்து என்னும் பெயரும் உண்டு. டிக்ஸி என்பது அமெரிக்காவின் தென்மாநிலங்களைக் குறிக்கும் வழக்குச்சொல். அடிமைமுறையின் நினைவைத் தாங்கிய அச்சொல்லைக் கறுப்பின இசைஞர் பலர் விரும்பவில்லை. மரபு ஜாஸ், நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் என்பனவே அவர்களுக்கு ஏற்புடைய பெயர்கள். பழைய பதிவுகளைத் தேடுவோர் இம்மூன்று பெயர்களையும் அறிந்திருத்தல் வேண்டும்.

முதல் தட்டு யாருடையது?

ஜாஸ் என்னும் பெயரில் வெளிவந்த முதல் இசைத்தட்டு, 1917 பிப்ரவரி 26ஆம் நாள் நியூயார்க்கில் பதிவானது. ஒரிஜினல் டிக்ஸிலாந்து ஜாஸ் பேண்ட் என்னும் குழு, விக்டர் நிறுவனத்திற்காக அதனை வாசித்தது. அத்தட்டின் ஒருபக்கத்தில் உள்ள 'லிவரி ஸ்டேபிள் ப்ளூஸ்' என்னும் இசையில் கிளாரினெட் சேவலாய்க் கூவுகிறது. கார்னெட் குதிரையாய்க் கனைக்கிறது. டிராம்போன் மாடாய்க் கத்துகிறது. மக்கள் அதனைப் பெருவிருப்பத்தோடு வாங்கினர்.

அக்குழுவின் ஐவரும் வெள்ளையர். இவ்விசையை உருவாக்கி வளர்த்த கறுப்பினக் கலைஞர்கள் பதிவுக்கூடத்தின் வாயிலை அடைய மேலும் சில ஆண்டுகள் ஆயின. எந்தக் குரல் எஞ்சும், எந்தக் குரல் அழியும் என்பதைக் கலையின் தரம் மட்டும் முடிவு செய்வதில்லை. கருவி யார் கையில் இருக்கிறது, கதவு யாருக்குத் திறக்கிறது என்பனவும் சேர்ந்தே முடிவு செய்கின்றன. பழைய பதிவுகளைக் கேட்பவர் மறக்கக்கூடாத செய்தி இது.

1923 ஏப்ரலில் இண்டியானா மாநிலத்தின் ரிச்மண்ட் நகருக்குக் கிங் ஆலிவரின் குழு வந்தது. அங்கு ஜெனெட் நிறுவனத்தின் பதிவுக்கூடம் இரயில்பாதையை ஒட்டி இருந்தது. ஒலிவாங்கி அப்போது பதிவுக்கூடங்களுக்கு வரவில்லை. இசைஞர்கள் பெரிய கூம்பு ஒன்றின் முன் நின்று வாசிப்பர். ஒலியின் அதிர்வு கூம்பின் வழியே ஊசியை அசைக்கும். ஊசி சுழலும் மெழுகில் வரி கீறும். பெருமுரசின் அதிர்வு ஊசியைத் துள்ளச் செய்யும் என்பதால், முரசு வாசிப்பவர் மரக்கட்டைகளைத் தட்டித் தாளம் காத்தார். இரண்டாவது கார்னெட் வாசித்த இளைஞரின் ஒலி மற்றவர்களை மூழ்கடித்தது. எனவே அவர் பல அடி தள்ளி நிறுத்தப்பட்டார். அந்த 21 வயது இளைஞரே பின்னாளில் உலகப்புகழ் பெற்ற லூயி ஆம்ஸ்ட்ராங்.

இத்தட்டுகளுக்கு இந்தியாவோடும் ஓர் உறவு உண்டு. அக்கால இசைத்தட்டு, கற்பொடியோடு அரக்கைக் கலந்து அழுத்தி வார்க்கப்பட்டது. அந்த அரக்கு, சோட்டா நாகபுரிப் பகுதியின் குசும்பம், புரசு, இலந்தை மரங்களில் வாழும் சிறு பூச்சிகளிடமிருந்து கிடைத்தது. உலகின் தேவையில் பெரும்பகுதியை இந்தியாவே நிறைவு செய்தது. காட்டில் அரக்குக் கொம்புகளை ஒடித்துச் சேர்த்த பழங்குடி மக்களின் உழைப்பே, கடல்கடந்து சென்று கறுப்பினக் கலைஞரின் மூச்சைத் தாங்கும் தட்டாக மாறியது.

தேடுவோர்க்கு வழி

பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிட இசையே அடங்கும். அவ்வளவு சிறிய இசைக்குள் நுழைய விரும்பும் புதியவர் எங்கிருந்து தொடங்கலாம்?

முதல் தட்டிலிருந்து தொடங்குவதே முறை எனத் தோன்றும். ஆனால் 1925இல் மின்சார ஒலிவாங்கி வந்த பின்னர்ப் பதிவுகளின் தெளிவு பெரிதும் கூடியது. ஆகவே 1926 முதல் 1928 வரையிலான பதிவுகளில் தொடங்கிப் பின்னோக்கிச் செல்வது காதுக்கு எளிது. ஜெல்லி ரோல் மார்ட்டன் குழுவின் 'பிளாக் பாட்டம் ஸ்டாம்ப்' 1926இல் பதிவானது. திட்டமிட்ட அமைப்பும் துள்ளலும் ஒருங்கே அமைந்தது. ஆம்ஸ்ட்ராங்கின் 'பொட்டேட்டோ ஹெட் ப்ளூஸ்' 1927இல் வந்தது. அதில் குழு முழுவதும் நின்று நின்று ஒற்றை அடி மட்டும் கொடுக்க, இடைவெளிகளில் அவர் தனியே பறக்கிறார். 1928ஆம் ஆண்டின் 'வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்' துணைக்கருவி எதுவுமின்றி அவர் ஊதும் தனி முழக்கத்தோடு தொடங்குகிறது. இவற்றில் காது பழகிய பின் 1923ஆம் ஆண்டின் 'டிப்பர்மவுத் ப்ளூஸ்', 'சைம்ஸ் ப்ளூஸ்' ஆகியவற்றுக்குச் செல்லலாம்.

ஒரே பதிவைப் பலமுறை கேட்பதே சிறந்த பயிற்சி. முதல்முறை கார்னெட்டை மட்டும் பின்தொடர வேண்டும். அடுத்தமுறை கிளாரினெட்டையும், அதற்கடுத்து டிராம்போனையும் தொடர வேண்டும். நான்காம் முறை கேட்கையில், முதலில் குழப்பமாக இரைந்த ஒலி மூவரின் உரையாடலாகத் தெளிந்துவிடும். கீறல் ஒலியைக் கண்டு விலகக்கூடாது. ஆற்றின் இரைச்சலுக்கு இடையே அக்கரையிலிருந்து அழைப்பவரின் குரலைக் காது பிரித்தறிவதுபோல், சில நிமிடங்களில் கீறலைத் தள்ளி இசையைப் பிடித்துக்கொள்ளும். இரைச்சலை முற்றிலும் துடைத்த பதிவுகளில் சில சமயம் இசையின் உயிரும் துடைக்கப்பட்டிருக்கும்.

ஆண்டு, ஊர், நிறுவனம், வாசித்தோர் பெயர் ஆகிய நான்கும் குறிக்கப்பட்ட பதிவையே நம்ப வேண்டும். ஒரே பாட்டை ஒருவர் பல ஆண்டுகளில் பலமுறை பதிந்திருப்பார். விவரம் இல்லையேல் எது எது என அறிய இயலாது. அமெரிக்கச் சட்டப்படி 1922 வரை வெளிவந்த ஒலிப்பதிவுகள் 2022 ஜனவரி 1ஆம் நாள் அந்நாட்டில் பொதுவுடைமை ஆயின. 1923இல் வெளிவந்தவை 2024இல் அந்நிலையை அடைந்தன. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2011 முதல் ஆயிரக்கணக்கான பழந்தட்டுகளை இணையத்தில் கட்டணமின்றிக் கேட்க வழிசெய்துள்ளது. முன்பு செல்வர் சிலரின் அலமாரிகளில் மட்டும் இருந்தவை, இன்று செங்கத்து மாணவர் ஒருவரின் கைப்பேசியிலும் ஒலிக்கக்கூடும்.

தேடல் தட்டுகளோடு நிற்காமல் மனிதர்களையும் மீட்டதுண்டு. 1930களின் இறுதியில் ஜாஸ் வரலாற்றை எழுத முனைந்த ஆர்வலர்கள், பங்க் ஜான்சன் என்னும் மூத்த இசைஞர் லூசியானாவின் நியூ ஐபீரியா என்னும் சிற்றூரில் வாழ்வதை அறிந்தனர். பற்களை இழந்திருந்த அவரால் ஊத இயலவில்லை. கையில் கருவியும் இல்லை. ஆர்வலர்கள் பணம் திரட்டி அவருக்குப் பல்வரிசை பொருத்தினர். டிரம்பெட் ஒன்றும் வாங்கிக் கொடுத்தனர். 1942இல் அவர் முதன்முதலாகப் பதிவுக்கு வாசித்தார். அவரோடு வாசித்த ஜார்ஜ் லூயிஸ் துறைமுகத்தில் கூலிவேலை செய்தவர். அவரது கிளாரினெட் 1944இல் 'பர்கண்டி ஸ்ட்ரீட் ப்ளூஸ்' என்னும் பதிவில் மனத்தை உருக்குகிறது. சிலர் தேடிச் சென்றிராவிட்டால் இவ்விருவரும் போல்டனைப் போலவே வெறும் பெயர்களாய் நின்றிருப்பர்.

இந்தியக் கரையில்

இந்தியாவின் ஒலிப்பதிவு வரலாறு ஜாஸ் தட்டுகளுக்கும் முந்தையது. 1902 நவம்பரில் கல்கத்தாவில் பாடகி கௌஹர் ஜான் கூம்பின் முன் நின்று பாடினார். ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் தம் பெயரை உரக்கச் சொன்னார். பதிவுகள் ஜெர்மனியின் ஹானோவர் நகரில் தட்டுகளாக வார்க்கப்பட்டன. அங்குள்ளோர் பெயரைச் சரியாகப் பொறிக்க அது உதவியது.

ஜாஸ் இசையும் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது. 1920களில் சிகாகோவில் வாசித்த கறுப்பினப் பியானோக் கலைஞர் டெடி வெதர்ஃபோர்டு, பம்பாய் தாஜ்மகால் விடுதியிலும் பின்னர்க் கல்கத்தாவிலும் இசைக்குழு நடத்தினார். கல்கத்தாவில் அவர் பதிந்த தட்டுகள் இன்றும் கிடைக்கின்றன. 1945இல் வாந்திபேதி நோயால் அவர் அந்நகரிலேயே மறைந்தார். கோவாவில் வேர்கொண்ட சிக் சாக்லேட் என்னும் டிரம்பெட் கலைஞர், இந்தியாவின் ஆம்ஸ்ட்ராங் என அழைக்கப்பட்டார். இசையமைப்பாளர் சி. இராமச்சந்திராவோடு இணைந்து 1951இல் வெளிவந்த 'அல்பேலா' போன்ற இந்திப் படங்களில் ஜாஸின் துள்ளலைச் சேர்த்தார்.

தமிழகத்திலும் தட்டு காத்த குரல்கள் உண்டு. நாடக மேடையின் பெரும்பாடகர் எஸ். ஜி. கிட்டப்பா 1933இல் தம் 27ஆம் வயதில் மறைந்தார். அவரை மேடையில் கண்டோர் இன்று இல்லை. உச்சத்தில் நின்று சுழலும் அவரது குரல் சில தட்டுகளில் நிற்கிறது. டி. என். இராஜரத்தினம் பிள்ளையின் நாகசுவரத் தோடியும் அவ்வாறே எஞ்சியது. வி. ஏ. கே. ரங்காராவ் போன்ற சேகரிப்பாளர்கள் சென்னையில் பல்லாயிரம் பழந்தட்டுகளைத் திரட்டிக் காத்தனர். அவர்களது அலமாரிகள் இல்லையேல் தமிழ் இசையின் பெரும்பகுதி பழைய பொருள் கடைகளில் உடைந்து போயிருக்கும்.

செங்கத்தில் ஒலிப்பவை

தொலைவிலுள்ள இசையைக் கூர்ந்து கேட்கப் பழகிய காது, அருகில் உள்ளதையும் புதிதாய்க் கேட்கிறது. கிளாரினெட்டைத் தனியே பிரித்தறிந்தவர், தெருக்கூத்து மேடையில் மிருதங்கத்துக்கும் ஆர்மோனியத்துக்கும் மேலே முகவீணை பின்னும் இழையையும் பிரித்தறிவார். அம்மன் கோயில் திருவிழாவில் பம்பையும் சிலம்பும் ஒன்றுக்கொன்று விடைசொல்வதைக் கவனிப்பார். மலைமேல் வாழும் மக்களின் நடவுப் பாட்டும் ஒப்பாரியும், இதுவரை எவராவது பதிந்துள்ளாரா என்னும் வினா அவருக்குள் எழும்.

செங்கம் வட்டாரம் நினைவைக் காத்து வைப்பதில் பெயர்பெற்றது. அப்பகுதியின் நடுகற்கள் பல்லவர் கால வீரர்களின் பெயர்களை இன்றுவரை தாங்கி நிற்கின்றன. எடுத்தனூரில் உள்ள நடுகல் ஒன்று, எருமைகளைக் காக்கும் பூசலில் வீழ்ந்த வீரனோடு அவனது நாயின் பெயரையும் சொல்கிறது. கோவிவன் என்பது அந்நாயின் பெயர். கள்வரோடு போரிட்ட நாய்க்கும் கல்லில் இடம் தந்த மண் அது. அவ்வீரனுக்காக அன்று முழங்கிய பறையின் ஓசையைப் பொறிக்க மட்டும் அக்காலத்தில் வழி இல்லை.

இன்று வழி இருக்கிறது. ஊர்த்திருவிழாவில் வாசிக்கும் முதியவர் ஒருவரிடம் இசைவு கேட்டு, அருகில் அமர்ந்து, அவர் வாசிப்பதைக் கைப்பேசியில் முழுமையாகப் பதிய ஒரு மாணவரால் இயலும். அன்றைய நாளும், ஊரும், கருவியும், அதை அவருக்குக் கற்றுத்தந்தவரின் பெயரும் அதனோடு சேர வேண்டும். வாசிப்பு முடிந்ததும், கௌஹர் ஜான் செய்ததுபோல், அந்த முதியவரே தம் பெயரைத் தம் குரலில் சொல்லும்வரை பதிவை நிறுத்தாதிருப்பது நல்லது.